உணர்வின்றிச் செலுத்திய வரி

வரியைத் தப்பாகக் கட்டினால் நோட்டீஸ் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். சரியாகக் கட்டினாலும் வரும் என்பது ஜிப்பக்காவுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரியவந்தது.

அப்போது அவள் ஒரு பெரிய பயணப்பையின் வாயைப் பிளந்து மடியில் வைத்துக்கொண்டு, பல் விட்டுப்போன ஜிப்பில் புது ரன்னர் ஏற்றிக்கொண்டிருந்தாள். எட்டுக்குப் பத்தில் ஒரு கடை. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கப் பை. பள்ளிக்கூடப் பை, ஆபீஸ் பை, கைப்பிடி அறுந்தது, சக்கரம் கழன்றது என்று ஒரு எழுபது உருப்படி எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். நடுவில் தையல் மெஷின். வாசலை ஒட்டி ஒரு மேஜை, ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் பதினாலு வருஷம் அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்து, வருகிற பைகளுக்குச் சீட்டு எழுதினார், வரிக்காகிதம் பூர்த்தி செய்தார், சும்மா இருக்கும் நேரத்தில் தெருவைப் பார்த்தார். பத்து மாதத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் நூல்கண்டு வாங்கப் போனவர், நூல் கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

ஜிப்பக்கா அன்றைக்கு அழவில்லை. மறுநாளும் அழவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியம் ஒன்றும் கிடையாது, வரவில்லை. சாப்பிட்டாள், தைத்தாள், படுத்தாள், எழுந்தாள். காலை மடக்கி ரொம்ப நேரம் உட்கார்ந்தால் மரத்துப்போய்க் கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி.

நோட்டீஸை நாத்தனார்தான் வாசித்தாள். வீட்டுக்காரருடைய தங்கை. பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் வேலை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் அண்ணியைப் பார்க்காமல் போகமாட்டாள்.

"என்ன அண்ணி இது, திட்டுறாங்களா பாராட்டுறாங்களான்னே தெரியல. கேளுங்க. 'தாங்கள் கடந்த மூன்று காலாண்டுகளாக உணர்வின்றி வரி செலுத்தி வருவது துறையின் கவனத்திற்கு வந்துள்ளது. மேற்படி வரி சரியான தொகையாகவும், சரியான தேதியிலும் இருப்பது ஐயத்தை மேலும் வலுப்படுத்துகிறது. பதினைந்து நாட்களுக்குள் நேரில் வந்து விளக்கம் தராவிடில் கடை முத்திரையிடப்படும்.'"

"உணர்வின்றியா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

ஜிப்பக்கா ரன்னரை ஒருமுறை மேலே இழுத்தாள், ஒருமுறை கீழே இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போயிற்று.

"அதுல ஒண்ணும் தப்பு இல்லையே," என்றாள்.

*

வரிக்கடமை உணர்த்தல் துறை என்று அதற்குப் பெயர். சிறு வியாபாரிகள் வரியைக் கட்டினால் மட்டும் போதாது, ஏன் கட்டுகிறோம், எதற்குக் கட்டுகிறோம், எந்தப் பிரிவின் எந்த உட்பிரிவின்படி கட்டுகிறோம் என்பதை மனதார உணர்ந்து கட்ட வேண்டும் என்பதற்காக எட்டு வருஷத்துக்கு முன்னால் ஏற்பட்ட துறை. நாலு மாடிக் கட்டிடம். கீழ்த்தளத்தில் உதவி மையம் என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. அதன் கீழே சின்ன எழுத்தில், 'கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கப்படும். கேள்வி கேட்க மூன்றாம் மாடி.'

அண்ணியும் நாத்தனாரும் மூன்றாம் மாடிக்குப் படியேறினார்கள். லிஃப்ட் இருந்தது, அது கடமையை ஏற்கெனவே உணர்ந்தவர்களுக்கு.

பிரிவு அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார், கோப்பைப் பிரித்தார். பிரித்தவர் முகம் தொங்கிப்போயிற்று.

"தப்பா கட்டியிருக்கக் கூடாதாம்மா?" என்றார். "தப்பா கட்டியிருந்தா அதுக்குப் படிவம் இருக்கு, அபராதம் இருக்கு, அஞ்சு நிமிஷத்துல உங்கள அனுப்பிடுவேன். இப்படிச் சரியா கட்டிட்டு வந்து நின்னா நான் உங்கள எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

"சரியாத்தானே சார் கட்டியிருக்கேன்?"

"அதான் எப்படின்னு கேக்கறேன்."

"வழக்கமா கட்டுற மாதிரிதான் சார்."

அதிகாரி நாத்தனார் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? உணர்வே இல்ல."

"பணம் வந்துச்சா இல்லையா, அதச் சொல்லுங்க," என்றாள் நாத்தனார்.

"பணம் யாரு வேணா கட்டுவாங்கம்மா. பணத்துக்கா நாங்க இங்க உக்காந்திருக்கோம்? பணம் வாங்குறதுக்கு வேற ஆபீஸ் இருக்கு. நாங்க உணர்வு." அவர் பதிவேட்டில் விரலை ஓட்டினார். "உங்க கடை விலாசத்துக்கு உணர்ந்தோர் சான்றிதழ் ஒண்ணு இருக்கே. உங்க வீட்டுக்காரர் பேர்ல. பத்து வருஷச் சான்றிதழ், இன்னும் ரெண்டு வருஷம் செல்லும். அவர வரச் சொல்லுங்களேன்."

"அவர் இல்ல சார்."

"எப்ப வருவாரு?"

"வரமாட்டாரு," என்றாள் நாத்தனார்.

"வெளியூரா?"

"செத்துப்போயிட்டாரு. பத்து மாசம் ஆச்சு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். நிஜமாகவே வருத்தப்பட்டார், அதில் நடிப்பில்லை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேஜையின் கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு பச்சைத்தாளை எடுத்தார்.

"அப்ப நீங்க அவரோட உணர்வ ஒப்படைச்சிருக்கணும். முப்பது நாளைக்குள்ள. ஒருத்தர் உணர்வ இன்னொருத்தர் வச்சுக்க முடியாது. சொத்து மாதிரி இல்ல பாருங்க."

உணர்வு ஒப்படைப்புப் படிவத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. இறந்தவர் இறக்கும் தறுவாயில் தம் வரிக்கடமையை உணர்ந்த நிலையில் இருந்தாரா? உணர்வு முழுமையாக ஒப்படைக்கப்படுகிறதா, பகுதியாகவா? ஒப்படைப்பவர், இறந்தவர் சம்பந்தப்பட்ட எந்த உணர்வையும் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை என்று உறுதி கூறுகிறாரா?

"நூல்கண்டு வாங்கப் போனாரு சார்," என்றாள் ஜிப்பக்கா, முதல் கேள்வியைப் பார்த்தபடி. "அப்ப வரிய நெனச்சாரான்னு தெரியல."

"வியாபாரத்துக்குத்தான நூல்கண்டு?"

"ஆமா."

"அப்ப ஆம்னு போடுங்க."

ஆம் என்று போட்டாள். முழுமையாக என்று போட்டாள். மூன்றாவது கேள்விக்கு எதிரே, 'உறுதி கூறுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதிகாரி ஒப்பத்தைச் சரிபார்த்து, வட்ட முத்திரை ஒன்று, நீள முத்திரை ஒன்று வைத்து, "இப்ப உங்க கடையில உணர்வே இல்ல. சுத்தமா ஆயிடுச்சு," என்றார் திருப்தியாக. "இனி புதுசா நீங்க உணரணும். மூணு நாள் முகாம். மூணாவது நாள் தேர்வு. தேறிட்டா சான்றிதழ், தேறலேன்னா முத்திரை. திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்க."

*

முகாமுக்கு முப்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் சின்னச் சின்னக் கடைக்காரர்கள். ஜிப்பக்காவுக்கு இந்தப் பக்கம் சலூன்காரர், அந்தப் பக்கம் சலவைக்கடைக்காரர். துறையில் நாற்காலி போதாமல், ஏதோ ஆரம்பப் பள்ளியிலிருந்து இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொட்டது.

விளக்க அதிகாரி உள்ளே வந்தார். தடிமனான கருப்பு ஆபீஸ் பையை மேஜைமேல் வைத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வரின்னா என்ன?"

சலவைக்கடைக்காரர் எழுந்தார். "நம்ம சம்பாத்தியத்துல ஒரு பங்க அரசாங்கத்துக்குக் கட்டுறது சார்."

"தப்பு. உக்காருங்க. அடுத்தவர்?"

"ரோடு போடறதுக்கு, ஆஸ்பத்திரி கட்டறதுக்கு நாம குடுக்குற பணம் சார்," என்றார் சலூன்காரர்.

"ரொம்ப தப்பு. உக்காருங்க." அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டார். "வரி என்பது ஒரு நிலை. நீங்க வரிக்குள்ள இருக்கீங்களா, வரி உங்களுக்குள்ள இருக்கா, இதுதான் கேள்வி. மூணு நாள்ல உங்களுக்கு எல்லாம் புரிய வச்சுடுவேன்னு நெனச்சு வந்திருப்பீங்க. அந்தத் தப்ப நான் பண்ணமாட்டேன். இந்தக் கட்டிடத்துல நானூறு பேர் வேல பாக்குறோம். நீங்க எல்லாரும் படிச்ச உடனே புரியற மாதிரி நாலு வரியில சட்டத்த எழுதிட்டா, நானூறு குடும்பம் என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க. உங்க ஒரு ஆளோட புரிதலுக்காக நானூறு குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்தறது நியாயமா?"

யாரும் நியாயம் என்று சொல்லவில்லை. சலவைக்கடைக்காரர் கொஞ்சம் வெட்கப்பட்டுப் போய்த் தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டாம் நாள்தான் அந்தப் பை விவகாரம். மறுநாள் தேர்வுக்கான வினாத்தாள்கள் உள்ளே இருப்பதாகச் சொல்லி, எல்லோருக்கும் உறையைக் காட்டுவதற்காக விளக்க அதிகாரி பையைத் திறக்கப் போனார். ஜிப் பாதியில் துணியைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. இழுத்தார். முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இழுத்தார். கடைநிலை ஊழியரைக் கூப்பிட்டுப் பையை ஒருபக்கம் பிடிக்கச் சொல்லி இழுத்தார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

ஜிப்பக்கா எழுந்து போனாள். யோசித்துச் செய்த காரியமில்லை; சிக்கிய ஜிப்பைக் கண்டால் அவள் கை தானாகப் போகும். இடுப்பிலிருந்த சுருக்குப்பையிலிருந்து சின்னக் குறட்டை எடுத்தாள், ரன்னரின் பின்வாயை ஒரு நெல் அளவுக்கு நெகிழ்த்தினாள், துணியை விடுவித்தாள், மறுபடி இறுக்கினாள். ஜிப் போய் வந்தது. எல்லாம் ஒரு நிமிஷம் இருக்கும்.

சலூன்காரர் கை தட்டினார். அதிகாரி தட்டவில்லை. அவர் முகத்தில் ஓடிய சிவப்பு இறங்கி வேறு ஒரு நிறம் ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மா, இப்ப நீங்க பண்ணினது என்ன?"

"ஜிப்ப எடுத்துவிட்டேன் சார்."

"அது தெரியுது. வியாபாரமா, உதவியா?"

"உதவிதான் சார்."

"அதிகாரிக்கு ஒரு வியாபாரி, அதுவும் தேர்வுக்கு முந்தின நாள், இலவசமா செய்யற உதவிக்குச் சட்டத்துல என்ன பேருன்னு தெரியுமா?"

ஜிப்பக்காவுக்குத் தெரியவில்லை. அறையில் மற்ற எல்லோருக்கும் தெரிந்தது.

"அப்ப காசு வாங்கிக்கச் சொல்லுங்க சார்," என்றார் சலவைக்கடைக்காரர்.

"வாங்கினா வியாபாரம். வியாபாரத்தப் பதிவு பண்ணின இடத்துலதான் பண்ணணும். இது அரசு அலுவலகம். இங்க கடை நடத்துனதா ஆயிடும். சரி, அதையும் விடுங்க. ரன்னர் புதுசா போட்டீங்களா, பழசையே சரி பண்ணீங்களா?"

"பழசுதான் சார்."

"புதுசுன்னா பொருள். பழசுன்னா சேவை. ஆனா நெகிழ்த்தினீங்க, இறுக்கினீங்க. உருமாற்றம் நடந்திருக்கு. உருமாறினா அது உற்பத்தி."

அடுத்த மூன்று மணி நேரமும் அதுதான் பாடம். இரண்டாம் மாடியிலிருந்து ஒரு அதிகாரி வரவழைக்கப்பட்டார். ஜிப்பென்பது ஒரு பொருளா, இரண்டு பொருளா என்று அவர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். மூடியிருந்தால் ஒன்று, திறந்திருந்தால் இரண்டு, பாதி மூடியிருந்தால் கூட்டுக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று நாலாம் மாடியிலிருந்து தொலைபேசியில் கருத்து வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, சம்பவத்துக்கு முன்பிருந்த நிலைக்கே பையைக் கொண்டுவந்துவிடுவதுதான் எல்லாத் தரப்புக்கும் பாதுகாப்பு என்று முடிவாயிற்று.

"பழையபடி சிக்க வச்சுடுங்கம்மா," என்றார் விளக்க அதிகாரி.

ஜிப்பக்கா குறட்டை மறுபடி எடுத்தாள். ஒரு ஜிப்பைக் கெடுத்துக் கொடுப்பது அவளுக்கு அதுவே முதல் தடவை. சிக்கவைப்பது விடுவிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. முன்பு கவ்விய அதே இடத்தில் அதே அளவு துணியைக் கொடுத்து இறுக்கினாள். அதிகாரி இழுத்துப் பார்த்தார். நகரவில்லை. நிம்மதியாகத் தலையாட்டி, ஒரு சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

வினாத்தாள்கள் உள்ளேதான் இருந்தன என்பது மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

பையைத் திறக்க இப்போது யாருக்கும் அதிகாரமில்லை. விவகாரம் கூட்டுக்குழுவில் இருந்தது. தேர்வைத் தள்ளிவைக்கவும் விதி இல்லை. விளக்க அதிகாரி பையை மேஜைமேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார்.

"கேள்விகள் உள்ள இருக்கு," என்றார். "மொத்தம் நாலு கேள்வி. வரிசையா பதில் எழுதுங்க."

"கேள்வி என்னன்னு தெரியாம எப்படி சார்?" என்று சலவைக்கடைக்காரர் கேட்டார்.

"கடமைய உணர்ந்தவங்களுக்குக் கேள்வி எதுக்கு?"

முப்பது பேர் குனிந்து எழுதினார்கள். சலூன்காரர் நாலு பதிலுக்கும், 'உரிய தொகையை உரிய காலத்தில் உரிய அலுவலகத்தில் செலுத்துவேன்' என்று எழுதிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். அவர்தான் முதலாவதாகத் தேறினார். ஜிப்பக்கா தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி இல்லாமல் ஒரு பதிலும் அவளுக்குத் தோன்றவில்லை. கடைசியில், 'கேள்வி என்ன என்று தெரியவில்லை' என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். நாற்பதுக்குப் பூஜ்யம். ஓரத்தில் சிவப்பு மையில், 'அடிப்படையே இல்லை.'

*

புதன்கிழமை மாலை கடைக்கு முத்திரை வைத்தார்கள். எழுபது பையும் உள்ளே. வந்தவர்கள் மரியாதையானவர்கள், அவள் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொள்ளும்வரை காத்திருந்து, பிறகுதான் அரக்கை உருக்கினார்கள்.

வியாழக்கிழமை முழுவதும் அவள் மூடிய கடைக்கு வெளியே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பை கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்ல யாராவது இருக்க வேண்டுமே. சிலர் கத்தினார்கள். சிலர், "ஐயோ பாவம்க்கா," என்றார்கள். இரண்டும் அவளுக்கு ஒன்றாகத்தான் கேட்டது. வெள்ளிக்கிழமையன்று நர்ஸ் ஒருத்தி வந்தாள், வெளியூரில் வேலைக்குச் சேரப்போகிறவள். புது ரன்னர் ஏற்றிய அந்தப் பெரிய பயணப்பை அவளுடையது.

"நாளைக்குக் காலைல ரயில்க்கா," என்றாள். "துணியெல்லாம் கட்டில்மேல கெடக்கு."

ஜிப்பக்கா வீட்டுக்கு நடந்து போனாள். அலமாரிக்கு மேலிருந்த வீட்டுக்காரருடைய பழைய பெட்டியை இறக்கினாள், அதில் மடித்து வைத்திருந்த அவர் சட்டைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள், வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். சட்டைகளைத் தொட்டபோது ஏதாவது தோன்றுமென்று எதிர்பார்த்தாள். தோன்றவில்லை. படிவத்தில் எழுதிக் கொடுத்தது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நாத்தனார்தான் விடவில்லை. மருந்துக்கடைக்கு லீவு போட்டாள், மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தாள், அதற்கான மனுவை மூன்று முறை திருத்தி எழுதினாள், கவுண்டர் கவுண்டராகப் போய்ச் சண்டை போட்டாள். "எங்க அண்ணன் ஒக்காந்த கடை," என்று எல்லாக் கவுண்டரிலும் சொன்னாள். மூன்றாவது வாரம் விசாரணைக்குத் தேதி கிடைத்தது.

*

நாலாம் மாடி. நீளமான மேஜை. அதற்குப் பின்னால் தலைமை அதிகாரி அம்மா நடுவிலும், பிரிவு அதிகாரி ஒரு பக்கமும், விளக்க அதிகாரி மறு பக்கமும். கருப்புப் பையும் வந்திருந்தது, சிக்கியபடியே.

தலைமை அதிகாரி அம்மா வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. நிறைய அனுபவம் இருந்தது.

"இந்தத் துறை இன்னிக்கு வரைக்கும் ஒரு தப்பும் பண்ணினதில்ல. ஏன்னு கேளுங்க. எது தப்புன்னு முடிவு பண்றது நாங்க. அதனால யாரு மேல்முறையீட்டுக்கு வந்தாலும் நான் மொதல்ல அவங்களுக்கு ஆறுதல் சொல்லிடுவேன். இப்ப விஷயத்துக்கு வருவோம். இந்த அம்மா உணர்வில்லாம சரியா கட்டியிருக்காங்க. அப்ப சரியான தொகை இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? துறைக்குள்ள யாராவது சொல்லியிருக்கணும்."

"துறையில யாருக்கும் தெரியாதும்மா," என்றார் பிரிவு அதிகாரி அவசரமாக. "அந்த விஷயத்துல நாம சுத்தம்."

"அப்ப இறந்தவர் சொல்லிக் குடுத்திருக்கணும். சான்றிதழ் வாங்கினவர்தானே? அவர் விடைத்தாள எடுங்க. ஒப்படைச்ச உணர்வும் மூலமும் ஒத்துப்போகுதான்னு பாப்போம்."

கோப்புக்குள் ஒரு கோப்பு, அதற்குள் ஒரு உறை. பிரிவு அதிகாரி ஒரு பழுப்புத்தாளை உருவினார். மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே ஜிப்பக்காவுக்கு அந்தக் கையெழுத்து தெரிந்தது. இடப்பக்கம் சாய்ந்து, வரிசை வரிசையாகக் காற்றடித்த மாதிரி இருக்கும்.

பிரிவு அதிகாரி சத்தமாக வாசித்தார். "கேள்வி: செலுத்த வேண்டிய வரித்தொகையை நீர் எம்முறையில் கணக்கிடுவீர்? பதில்: 'என் வீட்டுக்காரி சொல்லுவாள். நான் எழுதுவேன். அவள் மெஷினில் தைத்துக்கொண்டே மனக்கணக்காகச் சொல்லிவிடுவாள். அவள் சொல்லி இதுவரை தப்பியதில்லை. ஒரே ஒரு தடவை தப்பியதும் என் காதுதான்.'"

பிரிவு அதிகாரி தாளைப் புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"மார்க்?" என்றாள் தலைமை அதிகாரி அம்மா.

"பத்துக்குப் பத்து. நம்ம விளக்க அதிகாரிதான் திருத்தியிருக்காரு."

விளக்க அதிகாரி பையைப் பார்த்தார். "அன்னிக்கு மொத நாள் தேர்வு. நெறைய தாள். எல்லாத்துக்கும் பத்து போட்டோம்."

ஜிப்பக்கா இதெல்லாம் கேட்டாளோ என்னவோ. அவள் ஒன்பது வருஷம் பின்னால் போயிருந்தாள். அன்றைக்கு அவள் ஒரு தோல்பை தைத்துக்கொண்டிருந்தாள். கடை மேஜையிலிருந்து அவர், "இந்தா, இந்தத் தடவை வரி எவ்வளவு?" என்று கேட்டார். 'ஐம்பத்தாறு' என்று சொன்னாள். அறுபத்தாறு என்று எழுதிக் கட்டிவிட்டு வந்துவிட்டார். நீ அறுபத்தாறுன்னுதான் சொன்ன. நான் ஐம்பத்தாறுன்னுதான் சொன்னேன். மெஷின் சத்தத்துல உளறிட்ட. மெஷின் சத்தத்துல உங்களுக்குத்தான் காது கேக்கல. ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு பேசிக்கொண்டார்கள், ஆனால் வருஷத்துக்கு நாலு தடவை, வரி கட்டும் நாளில், அந்தச் சண்டை ஒருமுறை புதுப்பிக்கப்படும். கடைசிவரை அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. என் காதுக்கு என்ன குறைச்சல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கே வந்து எழுதிக் கொடுத்திருக்கிறார் மனுஷன். அதுவும் அரசாங்கத்திடம்.

"ஒரு தடவை தப்பியிருக்குன்னு எழுதியிருக்காரே, எந்த வருஷம்?" என்று விளக்க அதிகாரி கேட்டார்.

ஜிப்பக்கா உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். உள்ளே எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, தொண்டைக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. 'விண்ணப்பதாரர் மிகவும் மனம் வருந்தினார்' என்று பிரிவு அதிகாரி குறிப்பில் எழுதிக்கொண்டார்.

"காது விஷயத்த விடுங்க. சட்டத்துல காதுக்கு வரையறை கிடையாது," என்றாள் தலைமை அதிகாரி அம்மா. அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தாள். "இப்ப நமக்கு எது சிக்கல்? பத்துக்குப் பத்து போட்டிருக்கோம். அப்ப பதில் சரி. பதில் சரின்னா, வீட்டுக்காரி சொல்றது கணக்கிடும் முறை. துறையே ஏத்துக்கிட்ட முறை. சரிதானே?"

"சரிதாம்மா."

"முறைக்குச் சான்றிதழ் வேணுமா?"

"முறைக்கெல்லாம் வேணாம்மா. ஆளுக்குத்தான்."

"முடிஞ்சுது. இந்த அம்மாவ ஆள் பட்டியல்லேருந்து எடுத்துட்டு முறைகள் பட்டியல்ல சேருங்க. ஒப்படைச்ச உணர்வத் திருப்பிக் குடுத்துடுங்க. அவர் சான்றிதழ் ரெண்டு வருஷம் செல்லட்டும். கடையத் திறந்து விடுங்க." அவள் ஜிப்பக்காவைப் பார்த்துக் கனிவாகச் சொன்னாள். "இனிமே உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நீங்க இப்ப ஒரு ஆளே இல்ல."

நாத்தனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஜிப்பக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, அந்த அலுவலகத்தில் முதல் தடவையாக, தானாக ஒன்று கேட்டாள்.

"அந்தத் தாள் எனக்குக் கெடைக்குமா சார்? ஒரு நகல் போதும்."

பிரிவு அதிகாரி சங்கடப்பட்டார். "விடைத்தாள் நகல் எழுதினவருக்குத்தாம்மா குடுப்போம். அவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"பாத்தா சொல்றேன் சார்," என்றாள் ஜிப்பக்கா.

*

வெளியே வெயில். பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்குத்தான் நிழல் இருந்தது. நாத்தனார் இன்னும் பொருமிக்கொண்டிருந்தாள். ஆளே இல்லையாம், முறையாம், இதற்கெல்லாம் இன்னொரு மனு போடாமல் விடப்போவதில்லை என்றாள். ஜிப்பக்கா குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் மூச்சாகத்தான் வந்தது. பிறகு சத்தமாக வந்தது. நாத்தனார் பயந்துபோனாள்.

"என்ன அண்ணி? என்ன ஆச்சு?"

"உங்க அண்ணன் ஒத்துக்கிட்டாரு."

"எத?"

"ஐம்பத்தாறுன்னு."

நாத்தனாருக்கு ஒரு நொடி ஆயிற்று. அந்தச் சண்டை அவளுக்கும் தெரியும். எத்தனையோ தடவை நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பண்ணியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் அண்ணன் பக்கம்தான் பேசியிருக்கிறாள். "அட, அந்தக் காதா!" என்றாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கிட்ட சத்தியம் பண்ணினானே அண்ணி, அறுபத்தாறுன்னுதான் காதுல விழுந்துச்சுன்னு. நானும் நம்பி உங்ககிட்ட சண்ட போட்டேனே!"

"எட்டு வருஷம்," என்றாள் ஜிப்பக்கா. "எட்டு வருஷம் எங்கிட்ட சொல்லல பாரு. அவங்ககிட்ட சொல்லியிருக்காரு. எங்கிட்ட சொல்லல."

சொல்லும்போதே சிரிப்பு எங்கேயோ தடம் மாறிப்போயிற்று. வாய் கோணியது. அவள் நாத்தனார் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பத்து மாதத்தில் வராதது வந்தது. வந்ததற்கு நிற்கத் தெரியவில்லை. மரத்த காலில் ரத்தம் ஓடும்போது குத்துமே, அதுபோல உடம்பெல்லாம் குத்தியது. நிறுத்தத்தில் நின்ற நாலைந்து பேர் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தார்கள்.

அவர்கள் போக வேண்டிய பேருந்து வந்து நின்றது. ஏறலையா என்று நடத்துனர் தலையை நீட்டிக் கேட்டார். நாத்தனார் ஒரு கையால் அண்ணியின் முதுகைத் தடவியபடி, மறு கையால் போங்க என்று சைகை காட்டினாள். அது போயிற்று. அரைமணி கழித்து வந்த அடுத்ததையும் அப்படியே அனுப்பிவைத்தாள்.